வில் தந்தியைத் தொடுமுன்: வாசிப்பவர்களும் பாடுபவர்களும் உடலைக் கவனிக்கும் வழி

"நிமிர்ந்து உட்கார்" என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு முன்னறையில் வயலின் கற்பிக்கிறேன். பள்ளி முடிந்து, டியூஷனும் முடிந்து, புத்தகப் பை அழுத்திய தடம் தோளில் மாறுவதற்குள் வந்து சேரும் பிள்ளைகள்தான் பெரும்பாலும். அவர்களிடம் அந்தக் கட்டளையைப் போட்டால் என்ன நடக்கிறது என்று நீங்களே பாருங்கள். மார்பு முன்னே தள்ளும். இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும். தாடை இறுகும். மூச்சு பாதியில் நிற்கும். இரண்டு நிமிடம் அப்படியே தாக்குப்பிடிப்பார்கள். பிறகு முன்பைவிட அதிகமாகக் கூனிக்கொள்வார்கள். கூனலின் மேல் விறைப்பைப் போட்டு மூடியதுதான் கண்ட பலன்.

நான் கற்றதும் கற்பிப்பதும் வேறு. உடம்பு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேண்டாத வேலை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை விட்டுவிட வேண்டும். புதிதாக எதையும் கூட்டிச் செய்யத் தேவையில்லை. சொல்வதற்கு இது எளிது. பழகுவதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பழக்கத்துக்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வழியை முறையாக வகுத்தவர் எப்.எம். அலெக்சாண்டர். 1869-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் கவிதைகளையும் நாடகப் பகுதிகளையும் உரக்கச் சொல்லி நடிப்பது அவர் தொழில். மேடையில் அவருக்குக் குரல் கம்மிப்போகும். மருத்துவர் சொன்னபடி ஓய்வெடுத்தால் திரும்பும். மறுபடி மேடையேறினால் மறுபடி கம்மும். அப்படியானால் பேசும்போது நான்தான் எதையோ தவறாகச் செய்கிறேன் என்று முடிவுகட்டி, கண்ணாடி முன் நின்று தன்னையே பார்த்தார். பேச வாயெடுக்கும்போதே தலையைப் பின்னால் இழுக்கிறார், குரல்வளையை அமுக்குகிறார், ஒலி கேட்கும்படி வாயால் மூச்சை உறிஞ்சுகிறார். இதைவிட முக்கியமான ஒன்றையும் அந்தக் கண்ணாடி காட்டியது. தலையை முன்னே விட்டுவிட்டோம் என்று அவர் முழுமனதாக நம்பிய நேரத்திலும் தலை பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது. 1904-இல் லண்டனுக்குப் போய் 1955-இல் மறையும்வரை இதையே கற்பித்தார். இன்று லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் போன்ற இசைக் கல்லூரிகளில் அலெக்சாண்டர் முறையை மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

நான் லண்டனில் இருந்த காலத்தில் ஓர் ஆசிரியையிடம் இதைக் கற்றேன். அவர் கைகளால் தொட்டு உணர்த்தியதை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் தனியாக வீட்டில் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் தலை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கழுத்தின் மேல்முனையைக் காட்டு என்று பிள்ளைகளைக் கேட்டால் தாடைக்குக் கீழே கைவைப்பார்கள். முதுகெலும்பின் உச்சி அதைவிட வெகு மேலே, ஏறக்குறைய இரண்டு காதுகளுக்கு இடையே இருக்கிறது. இரண்டு ஆட்காட்டி விரல்களையும் காதுமடலுக்குப் பின்னால், மடலின் அடிப்பகுதியை ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு சின்ன "ஆமாம்" சொல்வதுபோல் தலையை அசையுங்கள். மூக்கு ஒரு நெல்மணியளவு இறங்கினால் போதும். அசைவு விரல்களுக்கு நடுவில் நடப்பது தெரியும். பெரியவர்களின் தலை நாலரை முதல் ஐந்து கிலோ வரை எடையுள்ளது. அந்தச் சின்ன மூட்டில் அது தானாகவே நின்றுகொள்ளும். பிடரித் தசைகள் அதைப் பின்னால் பிடித்து இழுக்காமல் இருந்தால்.

கைக்கும் இதேபோல் ஒரு சோதனை உண்டு. வலது கை தோள்பட்டையில் தொடங்குகிறது என்று நினைத்து வில்லை இழுப்பவர்களுக்குத் தோள் சீக்கிரம் வலிக்கும். இடது கை விரலைத் தொண்டைக் குழிக்கு வலப்பக்கத்தில், காறை எலும்பு மார்பெலும்போடு சேரும் முடிச்சில் வையுங்கள். வலது கையை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். விரலுக்கு அடியில் எலும்பு புரளும். உடலோடு கையை எலும்பால் இணைக்கும் இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து கை தொடங்குகிறது என்று தெரிந்தபின் வில் இழுப்பதே மாறிப்போவதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உட்காருவது. வயலின் மேற்கிலிருந்து வந்த வாத்தியம். அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). வாத்தியம் வந்தது, ஆனால் நாம் வாசிக்க உட்காரும் முறை நம்முடையதாகவே இருக்கிறது. வயலினின் சுருள்முனை வலது கணுக்காலின் மேல், அடிப்பாகம் மார்பில். ஆகவே, நின்றபடி மோவாயால் பிடித்து வாசிப்பவர்களுக்காகச் சொல்லப்படும் அறிவுரைகள் பலவும் நமக்குப் பொருந்தாது. நமக்கு எல்லாமே தரையிலிருந்து தொடங்குகிறது.

சம்மணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கைகளைப் பிட்டத்துக்கு அடியில் கொடுங்கள். இரண்டு கெட்டியான எலும்பு முடிச்சுகள் தட்டுப்படும். உங்கள் எடை அவற்றின் வழியே தரைக்கு இறங்க வேண்டும். கைகளை எடுத்துவிட்டு, அந்த முடிச்சுகளின் மேல் முன்னும் பின்னும் மெல்ல ஆடிப்பாருங்கள். பின்னால் சாய்ந்தால் வால் எலும்பின் மேல் உட்கார்ந்து முதுகு கூனும். முன்னால் அதிகம் போனால் முதுகு உள்வளையும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் எந்தத் தசையும் பிடிக்க வேண்டியிராத ஒரு நிலை வரும்.

வரவில்லையா? முழங்கால்களைப் பாருங்கள். அவை இடுப்பு மூட்டைவிட உயரமாக நின்றால், என்ன முயன்றாலும் இடுப்பு பின்னால்தான் உருளும். நாற்காலியிலேயே வளர்ந்த இக்காலப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிலை இதுதான். அது அவர்களின் குற்றம் அல்ல. "சோம்பேறிபோல் உட்காராதே" என்று திட்டுவது அநியாயம். ஒரு பெரிய துண்டை மடித்துப் பிட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள். முழங்கால் இடுப்புக்குச் சமமாகவோ தாழவோ வரும்வரை மடிப்பை உயர்த்துங்கள். கோயில் கச்சேரிக்குப் போகும்போது அந்தத் துண்டையும் எடுத்துப்போங்கள். பளிங்குத் தரையில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியவர் துண்டு போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி வில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே இங்கேதான் தீர்மானமாகிறது.

அண்மையில் ஒரு மாணவி மாயாமாளவகௌளை ராகத்தில் ஜண்டை வரிசை என்ற தொடக்கப் பாடத்தை வாசிக்க வில்லை எடுத்தாள். வில் தந்தியைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போதே வலது தோள் காதை நோக்கி ஏறிவிட்டது. பிடரியில் தோல் மடிந்தது. கீழுதடு பல்லுக்குள் போனது. வில்லைப் பிடித்த கட்டைவிரலின் நகம் அழுத்தத்தில் ரத்தமின்றி வெளுத்தது. ஒரு ஸ்வரம்கூட இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் இவ்வளவு உழைப்பு. வாசிக்கத் தொடங்கியபின் தோளைத் தளர்த்து என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை. தோள் ஏறியது வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பு.

வில்லை மடியில் வைக்கச் சொன்னேன். பிறகு இப்படிச் செய்தோம். நீங்களும் செய்யலாம்.

"ஸ வாசிக்கப் போகிறேன்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னதும் எதையும் செய்யாதீர்கள். அந்த எண்ணம் மட்டுமே உடம்பில் எதை இறுக்குகிறது என்று கவனியுங்கள். சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். சிலருக்கு வயிறு உள்ளே போகும். கால்விரல் மடங்குகிறவர்களும் உண்டு. தெரிந்தவுடன் அதைச் சரிசெய்யப் பாயாமல், வாசிக்கப் போவதில்லை என்று முடிவை மாற்றிக்கொள்ளுங்கள். இறுக்கம் தானாகவே இறங்கும்.

அடுத்து, வில்லைத் தந்திவரை கொண்டுபோய் நிறுத்துங்கள். அங்கே உங்களுக்கு மூன்று வழி உண்டு. வாசிக்கலாம். வாசிக்காமல் வில்லைத் திரும்ப மடியில் வைக்கலாம். அல்லது சம்பந்தமே இல்லாத வேறொன்று, நெற்றியில் விழும் முடியை ஒதுக்குவதுபோல், செய்யலாம். மூன்றில் எதுவும் நடக்கலாம் என்று உண்மையாகவே விட்டுவைக்க வேண்டும். அலெக்சாண்டர் தன் குரலுக்குச் செய்த பயிற்சியே இதுதான். மாணவி கேட்டாள்: "அப்படியென்றால் எப்போதுதான் வாசிப்பது, டீச்சர்?" "வாசித்தே தீர வேண்டும் என்ற அவசரம் இறங்கினதும் வாசி, கண்ணு" என்றேன். நாலைந்து முறை வில்லைத் திரும்ப மடியில் வைத்தாள். அடுத்த முறை தோள் இருந்த இடத்திலேயே இருக்க, வில் மட்டும் நகர்ந்தது. நாதம் அகலமாக வந்தது. அவளே நிறுத்திவிட்டு வயலினைப் பார்த்தாள்.

பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். சரளி வரிசையின் முதல் வரி போதும். வர்ணம் போன்ற பெரிய உருப்படியை எடுத்துக்கொண்டால் விரல்களின் கவலை வந்துவிடும்.

நீங்கள் உணர்வதை நம்பாதீர்கள், கைப்பேசியைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். பழகிப்போன கோணல் நேராகத் தோன்றும்; நேரானது கோணலாகத் தோன்றும். ஒரு பையனின் தலையை நடுவுக்குக் கொண்டுவந்தபோது "முகத்தால் தரையில் விழப்போகிறேன் டீச்சர்" என்று பதறினான். படத்தைக் காட்டினேன், காதும் தோளும் ஒரே கோட்டில் இருந்தன.

பாடுகிறவர்களுக்கு வாத்தியமே உடம்புதான் என்பதால் கூடுதல் கவனம் தேவை. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, இரண்டு வரிகளுக்கு இடையே எப்படி மூச்சு எடுக்கிறீர்கள் என்பது. மைக்கில் "ஸ்ஸ்" என்று உறிஞ்சும் ஒலி கேட்டால் தலை பின்னால் போய்விட்டது என்று பொருள். வயிற்றில் மூச்சை நிரப்பு என்று சொல்லிச் சொல்லி வயிற்றை உந்தித் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். காற்று வயிற்றுக்குள் போவதில்லை. நுரையீரல் விலா எலும்புக் கூட்டுக்குள் இருக்கிறது. அதன் நுனி காறை எலும்புக்கும் சற்று மேலே வரை வருகிறது. நுரையீரலுக்கு அடியில் உள்ள தசையான உதரவிதானம் இறங்கும்போது குடல் முதலியவை கீழே நகர்கின்றன, வயிறு அதனால் அசைகிறது, விலாக்கள் பக்கவாட்டில் விரிகின்றன. இவை எல்லாம் நாம் செய்ய வேண்டியவை அல்ல, தடுக்காமல் இருக்க வேண்டியவை.

அதற்கு ஒரு பயிற்சி: தம்பூராவை ஒலிக்க விட்டு, மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். நாக்கின் நுனி கீழ்ப்பற்களைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஏதாவது இனிமையான நினைவு வந்தால் முகத்தில் தோன்றுமே, அந்த மலர்ச்சியோடு தாடையை முன்னும் கீழுமாக விட்டு, குரலே இல்லாமல் ஒரு நீண்ட "ஆ" கிசுகிசுங்கள். மூச்சு முழுவதையும் பிழிந்தெடுக்காமல் வாயை மூடுங்கள். அடுத்த மூச்சு மூக்கின் வழியே தானே உள்ளே வரும். நீங்கள் இழுக்க வேண்டாம். நாலைந்து முறை செய்தபின் ஸட்ஜம் பாடுங்கள். இதுவும் அலெக்சாண்டர் கற்பித்ததுதான்.

மிருதங்கக்காரர்கள் இடது தோளைக் கவனிக்கட்டும். தொப்பி எனும் இடப்பக்கத்தை எட்ட உடம்பையே சாய்ப்பதைவிட வாத்தியத்தை நகர்த்தி வைப்பது நல்லது. பரதம் ஆடுகிறவர்கள், முழங்காலை வெளிப்பக்கம் மடித்து நிற்கும் அரைமண்டியில், முழங்கால் கால்விரல்களின் திசையிலேயே போகிறதா என்று பாருங்கள். பாதத்தை மட்டும் அதிகமாகத் திருப்பினால் சுமை முழங்கால் மூட்டில் விழும். திருப்பம் இடுப்பு மூட்டில் தொடங்க வேண்டும்.

நாள்தோறும் செய்ய வேண்டியது என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால், படுப்பதைச் சொல்வேன். தரையில் பாயை விரித்து மல்லாந்து படுங்கள். மெத்தை வேண்டாம். தலைக்கு அடியில் சில புத்தகங்கள். முகம் பின்னால் சாயாமலும் மோவாய் தொண்டையில் இடிக்காமலும் இருக்கும் உயரத்துக்கு. முழங்கால்களை மடித்துக் கூரையைப் பார்க்க நிறுத்துங்கள், பாதங்கள் தரையில் பதியட்டும். கைகள் விலாவின் மேல். கண்களைத் திறந்தே வைத்திருங்கள், இல்லாவிட்டால் தூங்கிவிடுவீர்கள். பத்து முதல் இருபது நிமிடம். முதுகைத் தரையில் அழுத்தாதீர்கள். தரை தாங்குவதை மட்டும் கவனியுங்கள். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, கையூன்றி எழுங்கள். கர்ப்பிணிகள், குறிப்பாகப் பின்மாதங்களில், மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுக்கட்டும். வேலைக்குப் போய்வந்து பயிற்சி செய்யும் பெரியவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: பயிற்சிக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதில் பத்து நிமிடம் படுத்துவிட்டு இருபது நிமிடம் வாசியுங்கள்.

இன்னொரு வழியும் எனக்குப் பிடிக்கும். மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இயற்பியலாளர், ஜூடோ வீரர். தன் முழங்கால் காயத்தோடு வாழ வழி தேடி மெதுவான, சிறிய அசைவுகளாலான ஒரு முறையை வகுத்தவர். அவர் முறையில் ஒன்று: உட்கார்ந்தபடி தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பி, எட்டும் இடத்தில் சுவரில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வாருங்கள். அடுத்து, தலை வலப்பக்கம் போகும்போது கண்கள் இடப்பக்கம் போகட்டும். ஐந்தாறு முறை, மிக மெதுவாக. பிறகு தலையை முன்னே பார்த்தபடி வைத்துக்கொண்டு தோள்களை மட்டும் வலப்பக்கம் திருப்புங்கள். கடைசியில் மறுபடி எல்லாமாகத் திரும்பிப் பாருங்கள். அடையாளத்தைத் தாண்டிப் பார்வை போகும். எங்கும் வலுவாக இழுக்கவில்லை. ஆனாலும் கழுத்துக்கு இடம் கிடைத்தது. வலிக்கும் எல்லைக்கு முன்பே நின்றுவிடுவது இதில் விதி.

வாசிக்காத நேரமே நாளில் அதிகம் என்பதால் வீட்டிலும் வெளியிலும் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் மாலை நேரம் எல்.ஆர்.டி. ரயிலில் ஏறிப் பாருங்கள், பெட்டி முழுவதும் கவிழ்ந்த தலைகள். கைப்பேசியை மார்பு உயரத்துக்குத் தூக்கி, முழங்கைகளை விலாவில் சாய்த்துக்கொள்ளுங்கள். முதலில் கண்கள் இறங்கட்டும். அதுவும் போதாவிட்டால் மட்டும் காதுகளுக்கு நடுவிலிருந்து தலை சாயட்டும். பாத்திரம் கழுவும்போது இடுப்பில் வளையாதீர்கள். தொடையும் உடலும் சேரும் கவட்டில் மடிந்து முழங்காலைச் சற்றுத் தளர்த்துங்கள். அலுவலகத்துக் குளிர்சாதனம் தோளைக் காதுவரை தூக்க வைக்கிறது. எந்தப் பயிற்சியும் அதை வெல்லாது, ஒரு சால்வையைக் கொண்டுபோங்கள்.

ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் தினமும் நிற்கிறவர்களுக்கு: காலையில் காருக்குள் உட்கார்ந்ததும் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். மாலையில் அது தாழ்ந்திருப்பதாகவோ உயர்ந்திருப்பதாகவோ தோன்றினால் அதைத் தொடாதீர்கள். மாறியது நீங்கள். சிவப்பு விளக்கு விழும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைத் தளர்த்தி, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் விடுங்கள்.

அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு இதெல்லாம் இயல்பாகவே இருந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்பதில்லை. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். காண்டா என்னும் தோள்தடியின் இரண்டு முனையிலும் பால்வாளி தொங்க, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேட்டில் ஏறுவார். அந்த நடையின் அழகு உண்மை. ஆனால் அந்தச் சுமை அவருடைய முழங்கால்களைத் தின்றதும் உண்மை. நல்ல பழக்கம் இருந்தாலும் அளவுக்கு மீறிய சுமையை உடம்பு தாங்காது. பிள்ளையின் புத்தகப் பையில் அன்றைக்குத் தேவையில்லாததை எடுத்து வெளியே வைப்பதும் பெற்றோரின் வேலைதான்.

இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. நாட்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் முதுகுவலி உள்ள 579 பேரிடம் நடத்தப்பட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அலெக்சாண்டர் முறையில் 24 தனிப் பாடங்கள் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் வலித்த நாட்களின் நடுமதிப்பு 3. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு அது 21. முதுகுவலியைப் பற்றி இது வலுவான செய்தி. ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லா நோயும் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரல் மரத்துப்போவது, இரவில் எழுப்பும் கைவலி, வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் கம்மல் ஆகியவற்றுக்கு மருத்துவரையோ உடலியக்கச் சிகிச்சையாளரையோ பார்க்க வேண்டும். தள்ளிப்போட வேண்டாம்.

மேடைக்கு ஒரு குறிப்பு. நவராத்திரிக் கச்சேரியில் உடம்பைப் பற்றி நினைத்துக்கொண்டே வாசிக்க முயலாதீர்கள். பாடுகிறவரைக் கேட்பதில் மனம் முழுவதும் இருக்க வேண்டும். உடம்பைக் கவனிக்கும் வேலையை இடைவெளிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுருதி சேர்க்கும்போது ஒரு முறை, ஆலாபனையில் உங்கள் முறை வருவதற்கு முன் ஒரு முறை. மிருதங்கம் தனி ஆவர்த்தனம் எடுத்ததும் வயலினுக்கு நல்ல இடைவெளி கிடைக்கும். அப்போது வில்லை மடியில் வைத்து, எடை இரண்டு எலும்பு முடிச்சுகளின் மேலும் இறங்கட்டும். தாளத்தைப் பின்தொடருங்கள், தொடையில் தட்டும்போது மணிக்கட்டை இறுக்காதீர்கள். மண்டபத்தின் கடைசி வரிசை தெரியும்படி பார்வையை விடுங்கள். தனி ஆவர்த்தனத்தை முடிக்கும் தீர்மானம் நெருங்கும்போது வில்லைச் சற்று முன்னதாகவே எடுத்து, தந்தியின் அருகே நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.